மந்திரி பாட்டை நிறுத்தினார்... ஜனங்கள் முள்ளைத் திருப்பினார்கள்!

இன்றைக்கு ஓர் எஃப்.எம். ஸ்டேஷன் மெலடியை விட்டுவிட்டு திடீரென்று குத்துப்பாட்டுக்குத் தாவினால் நாம் என்ன செய்வோம்? பட்டனை அமுக்கி அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடுவோம். அவ்வளவுதான்! ஆனால், ஒரு நாட்டின் ரேடியோ மொத்தமும் இப்படி 'ஃபார்மட்' மாற்றிய கதை ஒன்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருப் பெரிசுகளிடம் அதைக் கிளறிவிட்டால் போதும்... வாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்தார் பி.வி. கேஸ்கர். முறையாகச் சங்கீதம் கற்றவர். சினிமாப் பாட்டென்றால் அவருக்கு ஆகாது. மேல்நாட்டு மெட்டும் நம்மூர் மெட்டும் கலந்த கூட்டாஞ்சோறு என்பது அவர் கட்சி. ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு பத்து சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். போடுகிற பாட்டுக்கும் படத்தின் பெயரைச் சொல்லக் கூடாதாம். அது ஓசி விளம்பரமாம்! தயாரிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? "அப்படியா சேதி? எங்க பாட்டே உங்களுக்குக் கிடையாது" என்று அனுமதியை வாபஸ் வாங்கிவிட்டார்கள். சில மாதங்களில் ரேடியோவில் சினிமாப் பாட்டு அநேகமாகக் காணாமல் போனது.

மனுஷர் கெட்டவர் இல்லை, சார். சமஸ்தானங்கள் போன பிறகு வித்வான்களுக்குச் சோறு போட ஆள் இல்லை. ஆகாசவாணி அந்த இடத்துக்கு வரவேண்டும் என்று நினைத்தார். சங்கீத தேசிய நிகழ்ச்சி தொடங்கியது அந்த 1952-ல்தான். நியாயமான ஆசை. ஆனால், ராத்திரி எட்டு மணிக்கு அலுத்துச் சலித்து வீட்டுக்கு வருகிறவனிடம் போய் "ஆலாபனையைக் கேள், உனக்கு நல்லது" என்றால்?

அவன் முள்ளைத் திருப்பினான். கொழும்பு!

யுத்த காலத்தில் நேச நாட்டுப் படைகளின் ரேடியோவுக்காக இலங்கையில் ஏகலவில் 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் அமைத்தார்கள். சண்டை முடிந்தது. சிப்பாய்களும் போய்விட்டார்கள். கருவி ரேடியோ சிலோன் கைக்கு வந்தது. 1950-ல் வர்த்தக சேவை தொடங்கி, நம் சினிமாப் பாட்டை நமக்கே போட ஆரம்பித்தார்கள். பம்பாயில் 'பினாகா கீத்மாலா'வை டேப்பில் பதிந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். பற்பசை இங்கே விற்றது, விளம்பரக் காசு அங்கே போனது! ஆங்கில சேவையில் ராக் அண்ட் ரோல் கேட்டு முடியை வளர்த்த காலேஜ் பையன்களும் உண்டு.

தமிழுக்கு மயில்வாகனன், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. தென்கோடிக்காரர்களான எங்களுக்கு மதராஸைவிடக் கொழும்புதான் பக்கம். குரலும் பளிச்சென்று விழும். எங்கள் தெரு டீக்கடை அண்ணாச்சி பாய்லருக்கு முன்னால் ரேடியோவைத்தான் பற்றவைப்பார். "ஒரு நாள் பெட்டி ரிப்பேரு. அன்னிக்கு ராஜபாளையம் மில்லுல ஷிப்டு முடிச்சு வந்த பய ஒருத்தன்கூட பெஞ்சுல ஒக்காரலப்பா. நின்னாப்புல குடிச்சிட்டுப் போயிட்டான்" என்பார்.

டில்லிக்கு விஷயம் உறைக்க ஐந்து வருஷம் ஆயிற்று. 1957 அக்டோபரில் விவித பாரதி பிறந்தது. எந்தச் சினிமாப் பாட்டை விரட்டினார்களோ, அதே பாட்டு ராஜ மரியாதையுடன் திரும்பி வந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போதும் மந்திரி அதே கேஸ்கர்தான்! 1962 வரை இருந்தார். விவித பாரதியில் விளம்பரம் நுழைய இன்னொரு பத்து வருஷம் பிடித்தது... 1967.

எஃப்.எம். கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். 1977-லேயே சென்னைக்கு வந்துவிட்டது. இந்தியாவிலேயே முதல். ஆனால், அதைக் கேட்கிற பெட்டி எத்தனை பேர் வீட்டில் இருந்தது? 1993-ல் எஃப்.எம். நேரத்தைத் தனியாருக்கு வாடகைக்கு விட்ட பிறகுதான் சூடு பிடித்தது.

எங்கள் பக்கத்துக்கு வாய்த்தது கோடை பண்பலை, 100.5. எஃப்.எம். அலை நேர்க்கோட்டில் போகிற சாதி. எத்தனை உயரத்தில் நிற்கிறதோ அத்தனை தூரம் பாயும். கொடைக்கானல் மலைமேல் நின்று பேசினால் கேட்கவா வேண்டும்! பாறை மேலிருந்து வருவதால் நியாயமாக இதைத்தான் 'ராக்' ரேடியோ என்று சொல்ல வேண்டும்.

போன மாதம் பால்கோவா வாங்கப் போனேன். கடை ரேடியோவில் யாரோ தோடி ராகத்தை இழைத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் அணைக்கவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார்.

"பிடிக்கலையா அண்ணாச்சி?"

"நல்லாத்தான் இருக்கு. கால் கிலோவா, அரைக் கிலோவான்னு நீங்க சொல்றது காதுல விழணும்ல?"