உஷார்! பாண்டிச்சேரி கடலில் காலை வைக்குமுன்

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரில் கிளம்பி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாக விடியற்காலையில் பாண்டிச்சேரி சேருகிறவர்களே, ஒரு நிமிடம்! சுமார் 310 கிலோமீட்டர் கண்விழித்து ஓட்டிவிட்டு, பையை அறையில் போட்ட கையோடு கடலுக்கு ஓடுகிறீர்களே, அங்கேதான் ஆபத்து. அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தில் பழகிய நீச்சல் அங்கே கைகொடுக்காது.

அந்தக் கரையே குலைந்துபோன கரை. 1989இல் கட்டிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டன. நகரத்தின் மணற்பரப்பைக் கடல் தின்றது. பீச் ரோட்டைக் காப்பாற்றப் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். பாசி படிந்த அந்தக் கற்களில் ஏறி செல்ஃபி எடுக்காதீர்கள். வழுக்கினால் விழுவது கல்லிடுக்கில். அடுத்த அலை எழுந்திருக்க விடாது.

மணல் உள்ள இடங்களிலோ வேறு ஆபத்து. கரையில் மோதிய தண்ணீர் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குள் திரும்பும். அலை உடையாமல், சாதுவாக, சற்றே கலங்கித் தெரிகிற இடம்தான் பெரும்பாலும் அந்த வழி. ‘இங்கே அலை இல்லை’ என்று பிள்ளைகளை அங்கேதான் இறக்கிவிடுகிறோம்! இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது, சோர்ந்துதான் போவீர்கள். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்ட பிறகு கரை திரும்புங்கள். சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது உண்மை. சான்று சுத்தம், வசதி, பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குத்தான். கடல் அதைப் படிப்பதில்லை. காவலர் விசில் ஊதினால் உடனே வெளியேறுங்கள்.

புத்தாண்டுக்குப் போகிறவர்கள் இரட்டிப்பு உஷார். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை! வானிலை எச்சரிக்கை வந்தால், அறைக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

குடித்துவிட்டு இறங்கவே கூடாது. மலிவு என்று பாட்டில்களைக் காரில் ஏற்றாதீர்கள். திரும்பும் வழி தமிழ்நாடு, சோதனைச்சாவடியில் வண்டியே பறிமுதலாகலாம்.

யாராவது இழுபட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மூழ்குவதுதான் பெருங்கொடுமை. மூடிய காலிக் கேனோ கயிறோ வீசுங்கள், மீனவர்களைக் கூப்பிடுங்கள், 112க்கு அடியுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554.