கணவன் மனைவிக்கு ஒரே வரி வக்கீல் போதுமா?

நான் கோடு எழுதுற ஆளு, வக்கீல் இல்ல. ஆனா அமெரிக்கால இருக்கிறவங்க இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிறது நல்லது.

அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே வரிக்கணக்கு தாக்கல் பண்ணலாம். கையெழுத்து போட்டதும், மொத்த வரிக்கும் ரெண்டு பேருமே முழுப் பொறுப்பு. கணவர் மறைச்ச வருமானத்துக்கான வரி முழுவதையும் ஐஆர்எஸ் மனைவிகிட்டயே வசூலிக்கலாம்.

இதுல தப்பிக்க, 1998-ல் வந்த 6015-ஆம் பிரிவு இருக்கு. ‘அந்த வருமானம் எனக்குத் தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்ல’ என்று காட்டி மனைவி விலக்கு கேட்கலாம். கணவருக்கும் இதே உரிமை உண்டு.

செலவு மிச்சம்னு ரெண்டு பேரும் ஒரே வக்கீலை வெச்சா என்ன ஆகும்? மனைவிக்காக இந்த வாதத்தை எடுத்தா, அவர் கணவருக்கு எதிராப் பேசணும். எடுக்கலைன்னா மனைவிக்கு நஷ்டம். மனைவியும் வழக்குல தீவிரமா ஈடுபட்டு, தீர்ப்பு இறுதியாகிட்டா, அந்த வருஷத்துக்கு மறுபடி விலக்கு கேட்கும் வழி பெரும்பாலும் அடைபட்டுடும்.

அமெரிக்க வரி நீதிமன்றத்தின் 24-ஆம் விதி இதைக் கவனிக்குது. கட்சிக்காரர்களின் நலன்கள் முரண்பட்டா, வக்கீல் விவரம் சொல்லி சம்மதம் வாங்கணும், இல்லைன்னா விலகணும், அல்லது முரண்பாட்டை வேற வழியில் தீர்க்கணும்.

அதனால முதல் சந்திப்பிலேயே, தனியா, ஒரு கேள்வி கேளுங்க: ‘6015 எனக்குப் பொருந்துமா?’ பதில் சொல்ல அவர் தயங்கினா, உங்களுக்குத் தனி வக்கீல் தேவை.