பூமிக்கு அடியில் கிழக்கு எது?



எங்கள் பெரிய காஞ்சிபுரத்தில் வழி தவறுவது கொஞ்சம் கஷ்டம். தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும், ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் தெரியும். 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. உயரம் சுமார் 190 அடி. 'கோபுரத்தைப் பார்த்தபடியே நேராகப் போ' என்று சொன்னாலே வெளியூர்க்காரர் கோயிலுக்கு வந்து சேர்ந்துவிடுவார்.

கோபுரமும் இல்லை, சூரியனும் இல்லை, கிழக்கு மேற்கும் தெரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? பூமிக்கு அடியில் ஓடும் ரயிலில் அப்படித்தான் இருக்கும்!

உலகின் முதல் பாதாள ரயில் 1863-ல் லண்டனில் ஓடியது. அது நீராவி எஞ்சின்! சுரங்கத்துக்குள் எவ்வளவு புகை இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் முதலில் கொல்கத்தாவில், 1984-ல் ஓடியது. சென்னையில் 2015-ல் மெட்ரோ ரயில் வந்தது. முதலில் பாலத்தின் மேல்தான் ஓடியது. 2017-ல்தான் சுரங்கத்துக்குள் இறங்கியது. (அமெரிக்காவில் இதை 'சப்வே' என்பார்கள். நம் ஊரில் சப்வே என்றால் சாலையைக் கடக்கும் சுரங்கநடைபாதை. குழம்பிவிடாதீர்கள்!)

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகக் கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறி, கிண்டியில் இறங்குங்கள். பக்கத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே போகும் ரயிலில் ஏறினால், சின்னமலை வரை சன்னலில் ஊரை வேடிக்கை பார்க்கலாம். அதைத் தாண்டியதும் ரயில் கீழே இறங்கும். அடுத்த நிமிடம் சன்னல் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை எல்லாம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். சென்ட்ரலுக்குச் சற்று முன்னால் கூவம் ஆறுகூட உங்கள் தலைக்கு மேலேதான் ஓடும்!

சரி, வழி கண்டுபிடிப்பது எப்படி? முதலில் நிறத்தைப் பாருங்கள். முதல் கட்டமாகக் கட்டிய பாதைகள் இரண்டு, நீலமும் பச்சையும். இரண்டும் சேர்ந்து சுமார் 54 கி.மீ. ஆலந்தூரிலும் சென்ட்ரலிலும் இரண்டும் சந்திக்கும். இங்கேதான் வேடிக்கை. ஆலந்தூரில் நின்று, "சென்ட்ரலுக்கு எது போகும்?" என்று கேட்டால் இரண்டுமே போகும்! நீலம் சைதாப்பேட்டை, அண்ணா சாலை வழியாகப் போகும். பச்சை வடபழனி, கோயம்பேடு என்று சுற்றிக்கொண்டு போகும். ஆகவே, போகும் இடத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது.

அடுத்தது, கடைசி நிலையத்தின் பெயர். நீங்கள் தேனாம்பேட்டைக்குத்தான் போகிறீர்கள் என்றாலும், நடைமேடைப் பலகையில் 'விம்கோ நகர்' என்றோ, 'விமான நிலையம்' என்றோதான் பெரிதாக எழுதியிருக்கும். ரயில் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கிழக்கு மேற்கை மறந்துவிடுங்கள்!

பெட்டிக்குள் கதவுக்கு மேலே பாதையின் படம் இருக்கும். அதில் எல்லா நிலையங்களும் சம தூரத்தில் இருப்பதுபோல் போட்டிருப்பார்கள். நிஜத்தில் அப்படி இல்லை. இந்த யோசனை லண்டனில் ஹாரி பெக் என்ற மின்சார வரைவாளருக்கு 1931-ல் தோன்றியது. ரயிலில் போகிறவருக்கு எத்தனை மைல் என்பது முக்கியம் இல்லை, எதற்குப் பிறகு எது, எங்கே மாற வேண்டும் என்பதுதான் முக்கியம் என்று அவர் நினைத்தார். வளைவுகளை எல்லாம் நேர்க்கோடுகள் ஆக்கினார். 1933-ல் அந்தப் படம் அச்சாகி வந்தது. தறி இருக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கு இது உடனே புரியும். கட்டம் போட்ட தாளில் வரைந்த மயில், சேலையில் வரும் மயிலின் அளவிலா இருக்கிறது? இழைகளின் வரிசைதானே அதில் இருக்கிறது!

மேலே ஏறும்போது எந்த வாசல் என்று பார்த்து ஏறுங்கள். வாசல்களுக்கு எழுத்தும் எண்ணும் கொடுத்திருப்பார்கள். தவறான வாசலில் ஏறினால் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் போய் நிற்பீர்கள். உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கினால், வெளியே வந்து நீதிமன்றத்தின் உயரமான கோபுரத்தைத் தேடிப் பாருங்கள். 1977-ல் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வரும்வரை, கப்பல்களுக்கு வழி காட்டும் விளக்கு அதன் உச்சியில்தான் எரிந்தது.

இனி, என் கதை. ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியோடு ஒரு சுரங்க நிலையத்தில் நின்றிருந்தேன். ரயில் வந்தது. அவள் குதித்து ஏறிவிட்டாள். நான் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். வாத்தியார் புத்தி! சுரங்க நிலையங்களில் நடைமேடை ஓரத்திலும் கண்ணாடிக் கதவுகள் உண்டு. இரண்டு கதவுகளும் மூடிக்கொண்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம். ரயில் போய்விட்டது.

அடுத்த ரயிலில் ஏறி, அடுத்த நிலையத்தில் இறங்கினேன். அவள் அங்கே இல்லை! அவளும் புத்திசாலித்தனமாக அங்கே இறங்கி, எதிர்ப்பக்க ரயிலில் ஏறி, என்னைத் தேடி வந்துவிட்டாள். பூமிக்கு அடியில் ஒருவரையொருவர் கடந்து போயிருக்கிறோம். எனக்குக் கை கால் ஓடவில்லை. நிலைய ஊழியரிடம் சொன்னேன். அவர் முந்தைய நிலையத்துக்குப் பேசி, அங்கே அழுதுகொண்டு நின்ற குழந்தையை உட்கார வைக்கச் சொன்னார். இருபது நிமிடம் கழித்து அவளைப் பார்த்தேன். இருபது நாள் போல இருந்தது.

தவறு அவளுடையது அல்ல. முன்கூட்டியே பேசி வைக்காத என்னுடையது. இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு. ரயிலுக்குள் மாட்டிக்கொண்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். நடைமேடையில் நிற்பவர்தான் அடுத்த ரயிலில் தேடி வர வேண்டும். மூடும் கதவில் கையையோ பையையோ நீட்டக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும், சீருடை போட்ட ஊழியரைத் தவிர வேறு யாரோடும் போகக் கூடாது.

இரண்டாம் கட்டப் பாதைகளில் ஒன்று, நம் காஞ்சிபுரம் சாலையில் உள்ள பூந்தமல்லி வரை வருகிறது. அதில் போவதற்கு என் பேத்தி இப்போதே தயார். சென்ற மாதம் சென்னைக்குப் போனபோதுகூட, படியில் இறங்கும் முன்னே என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தாத்தா, கதவு மூடிட்டா யார் நிக்கணும், யார் வரணும்? சொல்லிட்டு இறங்குங்க!"