விளிம்பிலும் விண்மீன்கள் பிறக்கின்றன

நமது பால்வெளியைப் போன்ற பெரிய விண்மீன் மண்டலங்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். மிகச் சிறியவையும், சீரான வடிவமே இல்லாதவையுமான மண்டலங்களும் உண்டு. அவற்றை 'ஒழுங்கற்ற குறுமண்டலங்கள்' என்பர்.

விண்மீன் எப்படிப் பிறக்கிறது? ஹைட்ரஜன் வாயுவை ஈர்ப்பு விசை ஒன்றுதிரட்டுகிறது. வாயுவின் வெப்பமும் மண்டலத்தின் சுழற்சியும் அதைத் தடுக்கின்றன. ஈர்ப்பு வென்றால்தான் விண்மீன் உருவாகும். அதற்கு வாயு எவ்வளவு அடர்த்தியாக இருக்க வேண்டும் என்று கணக்கிட, அலர் தூம்ரே 1964-இல் எழுதிய ஆய்வு அடிப்படையாயிற்று. பெரிய சுருள் மண்டலங்களுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தியது.

குறுமண்டலங்களின் வெளிப்பகுதியிலோ வாயு மிக மெல்லியது. கணக்கின்படி அங்கே விண்மீன் பிறக்கவே கூடாது. ஆனால் 2003-இல் நாசா ஏவிய கேலெக்ஸ் தொலைநோக்கி, புற ஊதா ஒளியில் அங்கே இளம் விண்மீன்களைக் காட்டியது. டீட்ரே ஹன்டர் தலைமையில் 41 குறுமண்டலங்களை ஆராய்ந்த 'லிட்டில் திங்ஸ்' குழுவினரும் வெளிப்பகுதிகளில் இளம் விண்மீன் கூட்டங்களைக் கண்டனர்.

அவை நடுப்பகுதியில் பிறந்து, பின் வெளியே நகர்ந்திருக்கலாமே என்று நாம் கேட்கலாம். நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும், 1 கோடி ஆண்டுகளில் ஒரு விண்மீன் ஏறத்தாழ 330 ஒளியாண்டு தொலைவே கடக்கும். விளிம்போ மையத்திலிருந்து பல ஆயிரம் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. ஆகவே அவை அங்கேயே பிறந்தவை.

இது எப்படி நடக்கிறது? முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஒரு வட்டாரத்தின் சராசரி மழை குறைவு என்பதால் அங்கே ஒரு குளமும் நிரம்பவில்லை என்று சொல்லிவிட முடியுமா? அதுபோல, சராசரியில் மெல்லிய வாயுவுக்குள்ளும் சிறு அடர்ந்த முகில்கள் மறைந்திருக்கலாம். சுமார் 30 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள டபிள்யூ.எல்.எம். என்ற குறுமண்டலத்தில், சிலி நாட்டிலுள்ள அல்மா தொலைநோக்கி அத்தகைய 10 சிறு முகில்களைக் கண்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது.

இது ஏன் முக்கியம்? பிரபஞ்சத்தின் தொடக்கக் கால மண்டலங்களும் இவற்றைப் போலவே சிறியவை. ஆக்சிஜன், இரும்பு போன்ற தனிமங்கள் குறைந்தவை. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனும் நம் இரத்தத்திலுள்ள இரும்பும் விண்மீன்களில் உருவானவையே. அந்த நீண்ட வரலாற்றின் தொடக்கத்தைப் புரிந்துகொள்ள, அருகிலுள்ள இந்தச் சிறியவை உதவுகின்றன.

பெரியவற்றைப் பார்த்து வகுத்த அளவுகோல் சிறியவற்றுக்குப் பொருந்தவில்லை. விளிம்பில் ஒன்றும் நடக்காது என்று முடிவு செய்யுமுன், அங்கே ஒருமுறை உற்றுப் பார்ப்பது நல்லது.