மெனு எங்கே போச்சு?



பள்ளி விட்டு வருகிறீர்கள். கணினியைப் போடுகிறீர்கள். திரை வெளிச்சமாகிறது. படம் வருகிறது, கடிகாரம் வருகிறது. ஆனால் இடது மூலையில் எப்போதும் இருக்கும் மெனு பொத்தானை மட்டும் காணோம்! அதைத் தட்டினால்தானே எழுதும் நிரல், படம் வரையும் நிரல், விளையாட்டு எல்லாம் வரிசையாக வரும்? அது இல்லாமல் என்ன செய்வது? கணினி கெட்டுப்போய்விட்டதா?

இப்படி ஒரு நிலைமை எங்கள் வீட்டுக் கணினிக்கும் வந்தது. அதனால் ஒரு சின்னப் பையன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை

எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வேளையில் ஏழெட்டுப் பிள்ளைகள் படிக்க வருவார்கள். கூடத்தில் என் மகன் விட்டுப்போன பழைய கணினி ஒன்று உண்டு. அதன் நினைவகம் 2 ஜிபிதான். புதிய மென்பொருள்களைப் போட்டால் திணறும். அதனால் அதில் லினக்ஸ் இயங்குதளத்தையும், எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற எடை குறைந்த மேசைத்தளத்தையும் போட்டு வைத்திருக்கிறோம்.

பிள்ளைகளில் மிகச் சிறியவன் ஐந்தாம் வகுப்புப் பையன். பள்ளி ஆண்டு மலருக்காக, தன் பாட்டி வளர்க்கும் ஆடுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டி, நான்கு நாள் உழைப்பில் இரண்டு பக்கம் முடித்திருந்தான். சனிக்கிழமை பள்ளியில் கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை ஒன்பதாம் வகுப்புப் பெண் கணினியைப் போட்டாள். மெனு பொத்தானைக் காணோம்.

"நேத்து கடைசியா அவன்தான் சார் உட்கார்ந்திருந்தான்!" என்று எல்லோரும் சின்னவனைக் காட்டினார்கள்.

"எதைடா அமுக்கினே?" என்று கேட்டேன்.

"நான் எதையும் அமுக்கலை சார்."

"அப்போ மெனு தானா எழுந்து போயிடுச்சா?" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் பையை எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டான்.

தெரிந்த ஒரு பழுதுபார்ப்பவருக்குப் போன் செய்தேன். "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்றார். ஃபார்மட் என்றால் தெரியுமா? வட்டில் உள்ளதையெல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. ஆட்டுக் கட்டுரையும் சேர்ந்தே போய்விடும்!

அப்போது அந்தப் பெண் கேட்டாள்: "மெனுதானே சார் காணோம்? அவன் எழுதினதும் காணாம போயிருக்குமா?"

நல்ல கேள்வி. நாற்பது வருடம் கேள்வி கேட்டுப் பழகிய எனக்கு அது தோன்றவில்லை.

மெனு என்பது என்ன?

உங்கள் ஊர் நூலகத்தில் புத்தகங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கும். அந்தப் பட்டியல் தொலைந்துவிட்டால் புத்தகங்கள் தொலைந்துவிடுமா? அலமாரியில் அப்படியே இருக்கும். தேடுவதுதான் கஷ்டம். மெனுவும் அப்படித்தான். அது நிரல்களை வைத்திருக்கும் பெட்டி இல்லை, நிரல்களின் பட்டியல்.

அந்தப் பட்டியலை யார் எழுதுகிறார்கள்? லினக்ஸில் ஒரு நிரலை நிறுவும்போது, அது தன்னைப் பற்றி ஒரு சிறு குறிப்புக் கோப்பைக் குறிப்பிட்ட ஓர் அடைவில் வைத்துவிடும். என் பெயர் இது, என் படம் இது, என்னைத் தொடங்க இந்தக் கட்டளை, நான் இந்த வகையைச் சேர்ந்தவன் என்று நான்கைந்து வரிகள் அதில் இருக்கும். மெனு அந்தக் குறிப்புகளையெல்லாம் படித்து, அலுவலகம், இணையம், விளையாட்டு, கல்வி என்று வகை பிரித்துக் காட்டுகிறது. ஆகவே பொத்தான் போனாலும் குறிப்புகள் அங்கேயே இருக்கும். பொத்தானை மறுபடி வைத்தால் பட்டியல் தானாக வந்துவிடும்.

பொத்தான் உட்கார்ந்திருக்கும் நீளமான பட்டைக்குப் 'பேனல்' என்று பெயர். கடிகாரம், திறந்திருக்கும் சன்னல்களின் பெயர், மெனு பொத்தான் எல்லாம் அதில் தனித்தனி உறுப்புகள். நமக்குப் பிடித்தபடி சேர்க்கலாம், எடுக்கலாம். அந்த வசதியினால்தான் சில நேரம் தெரியாமல் எடுத்தும்விடுகிறோம்!

எலி வாகனம்

எக்ஸ்.எஃப்.சி.இ.க்கு ஒரு சின்னக் கதை உண்டு. லினக்ஸின் கருவை 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து நாட்டு மாணவர் எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. அதன்மேல் இயங்கும் எக்ஸ்.எஃப்.சி.இ. மேசைத்தளத்தை 1996-ல் ஒலிவியே ஃபூர்தான் என்பவர் தொடங்கினார். இன்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை. அதன் சின்னம் என்ன தெரியுமா? ஓர் எலி! பிள்ளையாரையே சுமக்கும் எலியைப்போல, உருவத்தில் சிறியதாக இருந்துகொண்டு பெரிய வேலைகளைச் சுமக்கிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. புதிய விண்டோஸ் ஏற்காத பழைய கணினிகள் பல வீடுகளில் உண்டு. அவற்றைத் தூக்கிப் போடாமல் பயன்படுத்த இத்தகைய எடை குறைந்த மேசைத்தளங்கள் உதவுகின்றன.

செய்து பார்ப்போமா?

உங்கள் கணினியிலும் எக்ஸ்.எஃப்.சி.இ. இருந்து, மெனு காணாமல் போனால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. முதலில் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பாருங்கள். பொத்தான் மட்டும் இல்லையா? முழுப் பேனலுமே இல்லையா? இரண்டும் வேறு வேறு.

2. திரையின் காலி இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலில் 'அப்ளிகேஷன்ஸ்' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனால் எல்லா நிரல்களும் தெரியும். தெரிந்ததா? அப்படியென்றால் நிரல்கள் பத்திரம். அவசர வேலையை இதை வைத்தே முடித்துவிடலாம். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எஃப்2 விசையைத் தட்டினாலும் ஒரு சிறு பெட்டி வரும். அதில் நிரலின் பெயரைத் தட்டித் தொடங்கலாம்.

3. பேனல் இருந்து, பொத்தான் மட்டும் இல்லையென்றால், பேனலின்மேல் வலது பொத்தானை அழுத்துங்கள். 'பேனல்' என்ற வரிக்குள் 'ஆட் நியூ ஐட்டம்ஸ்' என்று இருக்கும். புதிய உறுப்புகளைச் சேர் என்று பொருள். அதைத் திறந்தால் சேர்க்கக்கூடிய உறுப்புகளின் பட்டியல் வரும். அதில் 'அப்ளிகேஷன்ஸ் மெனு' என்பதைத் தேர்ந்து 'ஆட்' பொத்தானைத் தட்டுங்கள். அவ்வளவுதான், மெனு வந்துவிட்டது!

4. வந்த பொத்தான் பழைய இடத்தில் இல்லாமல் பேனலின் கடைசியில் போய் நிற்கும். கவலை வேண்டாம். அதே 'பேனல்' வரிக்குள் 'பேனல் ப்ரிஃபரன்ஸஸ்' என்பதைத் திறந்து, 'ஐட்டம்ஸ்' பகுதிக்குப் போங்கள். மெனுவின் பெயரைத் தேர்ந்து, மேல்நோக்கிய அம்பைத் தட்டிக்கொண்டே வாருங்கள். பட்டியலில் முதலிடம் வந்ததும் பேனலிலும் இடது ஓரத்துக்கு வந்துவிடும்.

5. முழுப் பேனலும் இல்லையென்றால், முதலில் அம்புக்குறியைத் திரையின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். பேனல் தானாக ஒளிந்துகொள்ளும்படி யாராவது அமைத்திருக்கலாம். எட்டிப் பார்த்தால் சரி. அப்படியும் வராவிட்டால், ஆல்ட்டுடன் எஃப்2 தட்டி, வரும் பெட்டியில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எக்ஸ், எஃப், சி, இ, அதையொட்டி 4 என்ற எண், ஒரு சிறு கோடு, பிறகு பேனல் என்ற சொல், எல்லாவற்றையும் இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் அழுத்துங்கள். நின்றுபோன பேனல் மறுபடி ஓடத் தொடங்கும்.

6. இன்னொரு சோதனையும் உண்டு. பேனலின் அமைப்பு ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது. பெரியவர்களிடம் சொல்லிப் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே மெனு ஒழுங்காக இருந்தால், கெட்டது கணினி இல்லை. உங்கள் அமைப்பில்தான் ஏதோ கலைந்திருக்கிறது.

எல்.எக்ஸ்.டி.இ. என்ற இன்னோர் எடை குறைந்த மேசைத்தளமும் உண்டு. அதிலும் இதே போலப் பேனலில் வலது பொத்தானை அழுத்தி, உறுப்புகளைச் சேர்க்கும் வரிக்குப் போய், 'மெனு' என்பதைச் சேர்க்கலாம்.

உலகத்துக்கே மெனு தொலைந்த கதை

மெனு காணாமல் போனது நமக்கு மட்டுமில்லை! 1995-ல் வந்த விண்டோஸ் 95-ல்தான் 'ஸ்டார்ட்' பொத்தான் அறிமுகமானது. 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் அந்தப் பொத்தானை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே எடுத்துவிட்டது. பழகிய பொத்தான் இல்லாமல் பலர் தடுமாறினார்கள், குறை சொன்னார்கள். 2013-ல் வந்த விண்டோஸ் 8.1-ல் பொத்தான் திரும்பியது. 2015-ல் விண்டோஸ் 10-ல் பழையபடி மெனுவும் வந்தது. ஒரு சிறு பொத்தானுக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள்!

யார் எடுத்தது?

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். திரையில் வலது பொத்தானை அழுத்தியதும் நிரல்கள் எல்லாம் தெரிந்தன. திரையிலிருந்த 'ஹோம்' அடைவைத் திறந்தோம். ஆட்டுக் கட்டுரை இரண்டு பக்கமும் பத்திரமாக இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பிறகு பேனலில் கடிகாரத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தினேன். ஒரு சிறு பட்டியல் வந்தது. அதில் 'ரிமூவ்', அதாவது நீக்கு என்று ஒரு வரி. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பட்டியலை நான் முன்பே பார்த்திருக்கிறேனே!

வியாழக்கிழமை இரவு, பிள்ளைகள் போன பிறகு கணினியை நிறுத்தப் போனேன். கண்ணாடி கையில் இல்லை. மெனுவைத் தட்டுவதற்குப் பதில் மவுஸின் வலது பொத்தானை அழுத்திவிட்டேன். வந்த பட்டியலில் ஏதோ ஒரு வரியைத் தட்டினேன். உடனே ஒரு கேள்வி வந்தது. கணினியை நிறுத்தட்டுமா என்றுதான் கேட்கிறது என்று நினைத்து, படிக்காமலே சம்மதம் கொடுத்தேன். அப்புறமும் கணினி நிற்கவில்லை. பெட்டியில் இருந்த பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.

அந்தக் கேள்வி, "இந்த உறுப்பை நீக்கலாமா?" என்பது. நீக்கினால் திரும்ப வராது என்ற எச்சரிக்கையும் அதன் கீழேயே இருக்கும். அந்தப் பொத்தானில் நாம் செய்து வைத்த அமைப்புகள்தான் போகும்; புதிதாக ஒன்றை எப்போதும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நான் எச்சரிக்கையையும் படிக்கவில்லை, கேள்வியையும் படிக்கவில்லை. மெனுவை எடுத்தது நான்தான்!

பிள்ளைகளிடம் அப்போதே சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "பொத்தானை இப்ப வைக்க வேண்டாம் சார், நாளைக்கு அவனே வைக்கட்டும்" என்றாள் அந்தப் பெண்.

இரவு சின்னவன் வீட்டுக்குப் போனேன். பாட்டி ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார். அவன் கதவுக்குப் பின்னால் நின்றான். "தப்பு என்னோடதுடா தம்பி. விசாரிக்காம உன்னைச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவன் முதலில் கேட்டது, "என் ஆட்டுக் கட்டுரை இருக்கா சார்?"

"இருக்குடா."

சனிக்கிழமை காலை, பள்ளிக்கு முன்பே வந்துவிட்டான். அவனே பேனலைத் திறந்து, அவனே மெனுவைச் சேர்த்து, அம்பைத் தட்டித் தட்டி இடது ஓரத்துக்குக் கொண்டுவந்தான். கட்டுரையைப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு ஓடினான்.

நினைவில் வையுங்கள்

* திரையில் ஒரு கேள்வி வந்தால், முழுவதும் படித்த பிறகே பதில் சொல்லுங்கள்.

* ஒன்றைக் காணவில்லை என்றால் அது அழிந்துவிட்டது என்று பொருள் இல்லை. வேறு வழியில் தேடிப் பாருங்கள்.

* எழுதியதையும் வரைந்ததையும் பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள்.

* ஃபார்மட் செய்வது கடைசி வழி. அதற்கு முன் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள்.

* கடைசியாக உட்கார்ந்தவர்தான் கெடுத்தார் என்று முடிவு கட்டாதீர்கள். என்ன நடந்தது என்று பாருங்கள்.

இந்த ஐந்தாவது பாடத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தவன் ஐந்தாம் வகுப்பு மாணவன். இப்போதெல்லாம் கணினியை நிறுத்தும் வேலை அவனுடையது. "கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்க சார், அப்புறம் தரேன்" என்கிறான்!