ஒரே கல் என்னும் கதை

தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல். அந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது. இந்த இரண்டையும் கேள்விப்படாத தமிழர் அபூர்வம். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறி ஓய்ந்த நேரத்தில் அக்கா மகன் செல்போனை நீட்டினான். "மாமா, டாலர் நோட்டுல பிரமிடு உச்சியில தனியா ஒரு கல்லு, அதுல ஒரு கண்ணு. பெரிய கோயில் உச்சியிலயும் ஒரே கல்லு. எல்லாம் இல்லுமினாட்டி வேலை!"

சதிக் கதைகளுக்கு இப்படி ஒரு கல் தேவைப்படுகிறது. ஐரோப்பியக் கட்டடங்களில் ஆர்ச்சின் உச்சியில் கடைசியாக ஆப்பு போல் இறக்கும் பூட்டுக்கல் அதற்கு வாகாக அமைந்தது. அது இறங்கும்வரை மரச்சாரம்தான் தாங்கும். இறங்கியபின் ஆர்ச் தானே நிற்கும். ஃப்ரீமேசன் சங்கத்தார் அதைத் தங்கள் சடங்குகளில் சின்னமாக்கிக்கொண்டார்கள். அந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் உலகமே விளங்கிவிடும் என்ற எண்ணம் அதைச் சுற்றி வளர்ந்தது. ஆனால் ஆர்ச்சில் எந்தக் கல்லை உருவினாலும் ஆர்ச் சரியும். உள்ளதிலேயே குறைந்த அழுத்தம் விழுவது உச்சிக் கல்லின்மேல்தான்.

டாலரிலுள்ள சித்திரம் 1782-ல் ஏற்கப்பட்ட அமெரிக்க முத்திரை. ஒரு டாலர் நோட்டுக்கு வந்தது 1935-ல். முடிவுறாத பிரமிடு உறுதிக்கு, கண் இறையருளுக்கு என்று 1782-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அடியிலுள்ள 1776 அமெரிக்க விடுதலை ஆண்டு. பவேரியாவில் இல்லுமினாட்டி சங்கம் தொடங்கியதும் அதே ஆண்டு என்பதால் கதை பிடித்துக்கொண்டது. அந்தச் சங்கம் பத்தாண்டுக்குள் தடை செய்யப்பட்டது.

தஞ்சைக்கு வருவோம். மாலையில் பிராகாரத்தில் நின்றால் விமானத்தின் நிழல் தரையில் நன்றாகவே தெரியும். உச்சிச் சிகரம் ஒரே கல் அல்ல, பல கற்களை இணைத்துச் செய்தது என்று அந்தக் கோயிலை நெடுங்காலம் ஆராய்ந்த குடவாயில் பாலசுப்ரமணியன் சொல்லியிருக்கிறார். அங்கே ஆர்ச்சும் இல்லை, பூட்டுக்கல்லும் இல்லை. வரிசைக்கு வரிசை கல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளி அடுக்கி, உள்ளே கூடாக விட்டு மேலே கொண்டுபோயிருக்கிறார்கள்.

இந்த வேலையைப் பக்கத்தில் பார்க்க நான் தஞ்சைக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் பேட்டையை ஒட்டியே இருக்கிறது கைலாசநாதர் கோயில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. தஞ்சைக் கோயிலைக் கட்டிய ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு அதைப் பெரிய திருக்கற்றளி என்றே குறிக்கிறது. மணற்கல் சிற்பங்களின்மேல் சுதை ஒட்டியிருக்கும் இடத்தில் எல்லாம் ஒரே கல்லாகத் தெரியும். சுதை உதிர்ந்த இடத்தில் சிங்கத்தின் உடம்புக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடும். அதுதான் இணைப்பு.

நெசவாளிக்கு அந்தக் கோடுதான் பெருமை. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். கரைக்குத் தனி நாடா போட்டு, கூட ஒரு ஆளை உட்கார வைத்து நெய்ய வேண்டும். இரண்டும் சேருமிடத்தில் புரட்டிப் பார்த்துத்தான் எங்கள் வேலைக்கு விலை சொல்வார்கள். பல கல் என்றால் கோயிலுக்குக் குறைச்சல் என்று நினைப்பவர்களிடம் நான் சண்டைக்கே போவேன். ஒரே கல்லில் செய்ததும் நம்மிடம் இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்து மூலையில் தொங்கும் கல்சங்கிலியைப் போய்ப் பாருங்கள். அதைச் செதுக்கியதும் கைதான்.

தஞ்சையில் ராஜராஜன் எதையும் மறைக்கவில்லை. பெருந்தச்சனின் பெயர் குஞ்சரமல்லன் என்று கல்வெட்டில் இருக்கிறது. விமானத்து உச்சிக்குத் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் செப்புக்குடம் கொடுத்ததையும், அதன் எடை 3,083 பலம் என்பதையும் வெட்டி வைத்திருக்கிறான்.

இதுபோன்ற உச்சிக் குடங்களை வைத்துத்தான் இன்று ஏமாற்றுகிறார்கள். பழைய கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும், கோடிக்கு விலைபோகும் என்று சொல்லிப் பணம் பறிக்கிறார்கள். போலீஸ் எத்தனை பேரைப் பிடித்தாலும் ஏமாறுபவர்கள் குறையவில்லை. இரிடியம் ஸ்பார்க் பிளக்கில்கூடப் பயன்படுகிற உலோகம். அது அரிசியை இழுக்காது. கலசத்துக்குள் போடுவது வரகு போன்ற தானியம். கும்பாபிஷேகத் திருப்பணியின்போது எல்லோருக்கும் எதிரிலேயே நிரப்புகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.