குழந்தையின் உடம்பில் சிவப்புக் கட்டி: பழியும் வேண்டாம், தாமதமும் வேண்டாம்



சில மாதங்களுக்கு முன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்தார். எட்டாம் மாதத்திலேயே பிறந்த பெண் குழந்தை. பிறந்தபோது கண் இமையில் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரத்தில் கொசு கடித்தது போல ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. இரண்டரை மாதத்தில் அது இலந்தைப் பழம் அளவுக்கு வளர்ந்து கண்ணைப் பாதி மூடிவிட்டது. கர்ப்பமாக இருந்தபோது கிரகண நேரத்தில் காய் நறுக்கியதால்தான் இப்படி ஆனது என்று வீட்டில் பேச்சு. அந்தப் பேச்சிலேயே ஆறு வாரம் போய்விட்டது. வேறு எந்த வீட்டிலும் இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இது என்ன?

தோலில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் ஓரிடத்தில் அளவுக்கு மேல் பெருகுவதால் இந்தக் கட்டி உண்டாகிறது. மருத்துவர்கள் இதை ஹெமாஞ்சியோமா என்பார்கள். இது புற்றுநோய் அல்ல, ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வரக்கூடியது. பிறந்த சில வாரங்களில் தோன்றும். முதல் மூன்று மாதங்களில் வேகமாக வளரும். பெரும்பாலும் ஐந்தாம் மாதத்தோடு வளர்ச்சி நின்றுவிடும். ஒரு வயதை ஒட்டிச் சுருங்கத் தொடங்கி, நான்கு வயதுக்குள் பெரும்பகுதி வடிந்துவிடும். சிலருக்கு லேசான தழும்போ தளர்ந்த தோலோ மிஞ்சலாம்.

பிறக்கும்போதே இருந்து, தட்டையாக, கருஞ்சிவப்பாகக் காணப்படும் படை வேறு வகை. அது தானாக மறையாது. அதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

யாருக்கு அதிகம் வருகிறது?

பெண் குழந்தைகளுக்கு ஆண் குழந்தைகளைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்த குழந்தைகள், இரட்டைக் குழந்தைகள், வயது கூடிய தாய்க்குப் பிறந்தவர்கள், கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் கூடிய தாய்மாரின் குழந்தைகள், நஞ்சுக்கொடியில் கோளாறு இருந்த குழந்தைகள் ஆகியோருக்கும் வாய்ப்பு அதிகம். எல்லாவற்றிலும் முக்கியமானது எடைக்குறைவு. பிறப்பு எடை 2.5 கிலோவுக்குக் கீழே குறையக் குறைய வாய்ப்பு கூடுகிறது.

இந்தப் பட்டியலில் கிரகணம் இல்லை. கண்ணேறு இல்லை. தாய் சாப்பிட்ட உணவும் இல்லை. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த இழப்பால்தான் கிரகணம் வந்தது என்று மக்கள் பேசினார்கள். துக்கத்தில் இருந்த அந்த நேரத்திலும் நபியவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றில் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கினார்கள். அந்த உம்மத்தைச் சேர்ந்த நாம் பச்சை உடம்புக்காரி மீது பழி போடலாமா?

நம் கையில் இருப்பது கர்ப்பகாலப் பராமரிப்பு. கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே பதிவு செய்வது, ரத்த அழுத்தம் பார்ப்பது, இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுவது ஆகியவை குறைமாதப் பிரசவத்தையும் எடைக்குறைவையும் குறைக்க உதவும். ஆனால் எல்லாம் சரியாகச் செய்த தாயின் குழந்தைக்கும் கட்டி வரலாம். அது அவர் குற்றமல்ல.

எப்போது உடனே போக வேண்டும்?

முதுகிலோ கையிலோ சிறிதாக இருந்தால் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். கீழ்க்கண்ட நிலைகளில் காத்திருக்கக் கூடாது:

• கண், மூக்கு நுனி, உதடு ஆகிய இடங்களில் இருந்தால். கண் மூடிக் கிடந்தால் பார்வையே பழகாமல் போகும்.
• தாடை, கழுத்துப் பகுதியில் இருந்து, மூச்சு விடும்போது சத்தம் வந்தால். மூச்சுக்குழாயிலும் கட்டி இருக்கக்கூடும்.
• முகத்தில் பெரிதாகப் பரவியிருந்தால், அல்லது இடுப்புக்கு நடுவே முதுகுத்தண்டின் மேல் இருந்தால்.
• உடம்பில் ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால். கல்லீரலை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.
• புண்ணாகி ரத்தம் கசிந்தால்.

சூடு போடுவது, நூலோ முடியோ கட்டி இறுக்குவது, சுண்ணாம்பு தடவுவது, ஊசியால் குத்துவது எதுவும் கூடாது. புண்ணும் சீழும் வந்து, தானாக வடிய வேண்டிய கட்டி ஆறாத தழும்பாகும். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சிகிச்சை உண்டா?

உண்டு, அல்ஹம்துலில்லாஹ். 2008-ல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள், இதயக் கோளாறுக்காக ப்ரோப்ரனலால் கொடுக்கப்பட்ட ஒரு குழந்தையின் கட்டியும் சேர்ந்து சுருங்கியதைக் கவனித்ததாக அறிவித்தார்கள். பல காலமாக ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் மருந்துதான் அது. இன்று இந்தக் கட்டிக்கு முதல் மருந்தாக அதையே தருகிறார்கள். ஆனால் வீட்டுப் பெரியவரின் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடக் கூடாது. குழந்தையின் எடைக்கேற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பால் குடித்த வயிற்றில்தான் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தாலோ பால் குடிக்காவிட்டாலோ மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேட்க வேண்டும், ஏனென்றால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடும்.

முதலில் உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் காட்டலாம். தேவைப்பட்டால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கோ எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள்.

பெரியவர்களுக்கு

முப்பது வயதுக்கு மேல் நெஞ்சிலும் வயிற்றிலும் குன்றிமணி நிறத்தில் சிறு புள்ளிகள் தோன்றும். வயது ஏற ஏற எண்ணிக்கையும் கூடும். அவற்றால் தீங்கில்லை. கர்ப்பிணிகளின் ஈறிலோ, அடிபட்ட விரலிலோ திடீரென வளர்ந்து, தொட்டாலே ரத்தம் கொட்டும் கட்டியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அதை மருத்துவரிடம் காட்டுங்கள். கறுத்து, வடிவம் மாறும் மச்சம் எதுவானாலும் காட்டியே ஆக வேண்டும்.

முதலில் சொன்ன குழந்தைக்கு இப்போது கண் நன்றாகத் திறக்கிறது. மருந்து தொடர்கிறது. கண் மருத்துவரும் பார்த்து வருகிறார். வழிச்செலவுக்குச் சிரமப்படும் குடும்பத்தினர் ஜும்ஆ தொழுகைக்குப் பின் எங்களைச் சந்திக்கலாம். பெயர் வெளியே வராது. நம் குழந்தைகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.